நல்ல கலர்

எங்கள் ஸ்டுடியோ வாசலில், தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் மாட்டியிருந்த குழந்தைப் படங்களில் பாதிக்கு மேல் என் தங்கை மகளுடையவை. பஞ்சு என்று கூப்பிடுவோம். வேறு பெயர் ஒன்று உண்டு, ஆனால் தடுப்பூசி போடும் இடத்தைத் தவிர வேறெங்கும் அதை யாரும் உச்சரித்ததில்லை. தெருவில் போகிறவர்கள் கண்ணாடி முன்னால் நின்று, "என்ன கலரு பாரு இந்தக் குழந்தை!" என்று வாய்பிளப்பார்கள். அதைக் கேட்டால் உள்ளே கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் என் தங்கைக்கு உச்சி குளிர்ந்துவிடும். பொய் சொல்வானேன், எனக்கும்தான்.

கீழே ஸ்டுடியோ, மேலே வீடு. தங்கை வீட்டுக்காரர் படம் எடுப்பார். என்னைவிடச் சின்னவர்தான், ஆனாலும் மாப்பிள்ளை என்றே கூப்பிடுவேன். எனக்குச் சொந்தமாகக் குடும்பம் அமையவில்லை, அதில் எனக்குப் பெரிய வருத்தமும் கிடையாது. படங்களுக்குச் சட்டம் போடுவதும் பாஸ்போர்ட் படங்களைக் கத்தரிப்பதும் என் வேலை. ஊர் வம்பை வாங்கி விற்பதும் என் வேலைதான் என்று மாப்பிள்ளை சொல்லுவார்.

அவர் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு முகத்தைத் திறந்தால் முதலில் கறுப்பைக் குறைப்பார், கண்ணுக்குக் கீழே இருக்கும் நிழலைத் துடைப்பார், பிறகு உதட்டில் ஒரு சொட்டுச் சிவப்பு, கன்னத்தில் அதில் பாதி. டீ குடித்துக்கொண்டே, போனில் பேசிக்கொண்டே அந்த வேலை நடக்கும். கைக்கு அவ்வளவு பழக்கம். "யாரும் தன் முகத்தைப் பார்க்க இங்க வரலைக்கா. தன்னோட நல்ல முகத்தைப் பார்க்க வர்றாங்க" என்பார். அப்படிச் சொல்லும்போது கொஞ்சம் அலட்டல் இருக்கும், ஆனால் வாடிக்கையாளர்கள் திருப்தியாகத்தான் போனார்கள்.

பஞ்சுவின் படத்தில் மட்டும் அவருக்கு வேலையே இல்லை. "என் பொண்ணுக்கு எதுக்கு லைட்டு, அவளே ஒரு லைட்டு" என்று பெருமையடித்துக்கொள்வார். உதட்டில் மட்டும் ஒரு சொட்டு வைப்பார். மாதம் போகப் போக அந்த ஒரு சொட்டு இரண்டாகி, மூன்றாகியிருக்க வேண்டும். யாருக்கும் அது உறைக்கவில்லை. நிறத்தைப் பார்த்தே பிழைக்கிற மனிதருக்கும் உறைக்கவில்லை.

தங்கை மறுபடியும் உண்டானதும் பஞ்சுவுக்குத் தாய்ப்பாலை நிறுத்திப் புட்டிப் பாலுக்கு மாற்றினாள். கடையில் ஆள் இருக்கும்போது குழந்தை அழக்கூடாது இல்லையா, சிணுங்கினால் வாயில் புட்டி. எழுந்தால் புட்டி, தூங்கப் போனால் புட்டி. சோறு பிசைந்து ஊட்டினால் துப்புவாள். முட்டி முட்டிப் பால் குடித்த வயிற்றில் சோற்றுக்கு எங்கே இடம் இருக்கும்? கன்னம் இரண்டும் கொழுகொழுவென்று இருந்ததால் யாரும் கவலைப்படவில்லை. "பாலைவிடச் சத்து எதுல இருக்கு?" என்று தங்கை கேட்பாள். நானும் அடுத்த புட்டியைக் கழுவப் போவேன்.

அதைவிட, அவள் சமத்து. ஒன்றரை வயதுக் குழந்தை வீட்டைத் தலைகீழாக்க வேண்டும். இவள் வைத்த இடத்தில் வைத்தபடி இருப்பாள். மற்றவர்கள் குழந்தைகளைப் படம் எடுப்பதற்குள் மாப்பிள்ளைக்கு நாக்குத் தள்ளிவிடும். கிலுகிலுப்பை ஆட்டுவார், பூனை மாதிரி கத்துவார், ஒரு முறை குட்டிக்கரணம்கூடப் போட்டார். பஞ்சுவைத் துணி விரித்த மேடையில் உட்காரவைத்தால் போதும், ஆடாமல் அசையாமல் கேமராவையே பார்ப்பாள். மாடிப்படியில் இரண்டு படி ஏறிவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்து, கையை மேலே நீட்டுவாள். "மகாராணியைத் தூக்கிட்டுத்தான் போகணுமோ?" என்று நான் கேலி செய்வேன்.

படி திரும்பும் இடத்தில் சுவர் கொஞ்சம் பெயர்ந்திருந்தது. அங்கே நின்று நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டி வாயில் போட்டுக்கொள்வாள். வேறு எதையும் அவள் அப்படி ஆசையாகத் தின்று நான் பார்த்ததில்லை. கையைத் தட்டிவிட்டுப் பார்த்தேன், கேட்கவில்லை. கடைசியில் அந்த இடத்தை மறைத்து ஒரு படத்தை மாட்டினேன். இரண்டு நாளில் பக்கத்துச் சுவரில் புதிதாக ஒரு பள்ளம் தெரிந்தது.

பிறகு சளி தொடங்கியது. குழந்தை என்றால் சளி பிடிக்கத்தான் செய்யும். ஆனால் பஞ்சுவுக்குப் பிடித்த சளி விருந்தாளி மாதிரி வந்து போகவில்லை. வந்தது, மருந்துக்கு அடங்கியது, வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் இருமல் இன்னும் கொஞ்சம் உள்ளேயிருந்து வந்தது. முதலில் தொண்டையில் கேட்டது, அப்புறம் நெஞ்சில் கேட்டது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டால் என் தோளெலும்பில் அந்தக் கரகரப்பு தெரிந்தது.

காலையில் பெரிய ஆஸ்பத்திரியிலும் மாலையில் எங்கள் தெருமுனைக் கிளினிக்கிலும் வேலை பார்க்கும் டாக்டரம்மாவிடம்தான் காட்டினோம். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ போனபோது அவர் பஞ்சுவின் உள்ளங்கையை விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இருமல் இருக்கட்டும். எனக்கு இந்த வெளிறல்தான் பிடிக்கலை. ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துடலாம்."

"வெளிறல் இல்லீங்க டாக்டர், அவ கலரே அதான்" என்றாள் தங்கை, வாயெல்லாம் பல்லாக. "எங்க வீட்டுல எல்லாருமே நல்ல கலரு."

"கலர் வேறம்மா, ரத்தம் வேற. எடுத்துட்டு வாங்க."

எடுக்கவில்லை. குழந்தைகள் துணிக்கடை ஒன்று தன் விளம்பரப் பலகைக்குப் பஞ்சுவைக் கேட்டிருந்தது. ஊசி குத்தினால் கை கன்றிப்போகும், அரைக்கைச் சட்டையில் தெரியும், படம் முடியட்டும் என்றார் மாப்பிள்ளை. படம் முடிந்தது. அதற்குள் சளியும் கொஞ்சம் விட்டிருந்தது, ரத்த டெஸ்டை எல்லாரும் மறந்துபோனோம். நாற்சந்தியில் பஞ்சு ஆள் உயரத்துக்கு உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் குடும்பத்தோடு போய் நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

மழை பிடித்தது அதற்குப் பிறகுதான். விடாமல் கொட்டியதில் தெருவில் முழங்கால் வரை தண்ணீர், கடைப்படி உயரம் என்பதால் உள்ளே மட்டும் வரவில்லை. கடையைத் திறந்து வைத்தும் ஈ காக்கை வரவில்லை. மத்தியானம் பஞ்சு தூங்கி எழுந்தபோது உடம்பு சுட்டது, மூச்சு வேகமாக இருந்தது. இருமவில்லை. இருமுவதற்குத் தெம்பில்லாதது போல வாயைத் திறந்து திறந்து மூடினாள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "டாக்டருக்குப் போனைப் போடு" என்று தங்கையை விரட்டினேன்.

டாக்டரம்மாவின் வீட்டைச் சுற்றியும் தண்ணீர். கிளினிக் மூடியிருந்தது.

"மூச்சு வாங்குதா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் வேகமாத்தான் விடறா டாக்டர். காய்ச்சலால இருக்கும்" என்றாள் தங்கை. எதையும் சின்னதாக்கிச் சொல்வது அவள் சுபாவம்.

"எதுக்கும் ஒண்ணு பண்ணுங்க. அவ முகத்தை நல்லா பக்கத்துல வச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. உதடு தெரியணும். கண் ரெப்பையைக் கீழ இழுத்து, உள்பக்கமும் தெரியணும். வெளுத்திருந்தா தண்ணியில நீந்தியாவது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. சிவப்பா இருந்தா, போன தடவை மருந்து மிச்சம் இருக்கில்ல, அதைக் குடுங்க. காலைல பார்க்கலாம்."

போட்டோ என்றதும் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. தனக்குத் தெரிந்த ஒரு வேலையை உலகம் தன்னிடம் கேட்டுவிட்டது அல்லவா. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருவரும் கீழே போனார்கள். நான் மாடியில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன். கீழே அவர் என்ன செய்தார் என்பது மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஆனால் இப்போதே சொல்லிவிடுகிறேன், மூடிவைத்து வேடிக்கை காட்டுவது எனக்குப் பிடிக்காது.

தங்கை ரெப்பையை இழுத்துப் பிடிக்க, அவர் படம் எடுத்தார். எடுத்ததைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் முகம் சாம்பல் பூத்தாற்போல இருந்தது. உதட்டுக்கும் தோலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மழைக்கால வெளிச்சத்தில் படம் நீலம் தட்டிவிட்டது என்று அவர் நினைத்தார். அவர் தொழிலில் அது தினப்படி நடக்கிற விஷயம். டாக்டருக்குப் போகிற படம், பளிச்சென்று இருக்க வேண்டாமா? நீலத்தைக் குறைத்தார். பிறகு கை தன் பாட்டுக்குப் பழகிய வேலையைச் செய்தது. உதட்டில் சொட்டு, கன்னத்தில் அதில் பாதி, ரெப்பையின் உள்பக்கம் ஈரச் சிவப்பு. தங்கை அதற்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டாள். அவர் அனுப்பிவிட்டார்.

பதில் உடனே வந்தது. "நல்ல சிவப்பு இருக்கு. பயப்பட வேண்டாம். மருந்து குடுங்க. தண்ணி வடிஞ்சதும் காலைல கூட்டிட்டு வாங்க." மாப்பிள்ளை அதை இரண்டு தரம் படித்துக் காட்டினார். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுப்பைப் பற்றவைத்துச் சாப்பிட்டோம், ஏதோ சொல்லிச் சிரிக்கவும் செய்தோம்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பஞ்சு புட்டியைத் தள்ளிவிட்டாள். பிறந்ததிலிருந்து அவள் பாலை வேண்டாம் என்று சொல்லி நாங்கள் பார்த்ததில்லை. தங்கை மறுபடி வாயில் வைத்தாள். உதட்டோரமாகப் பால் வழிந்து கழுத்தில் இறங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் "ம்... ம்..." என்று ஒரு முனகல் தொடங்கியது. யாரோ அடுத்த அறையில் உட்கார்ந்து எதற்கோ ஆமாம் போடுவது போல அது நிற்காமல் கேட்டது. நான் அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். விலாவுக்குக் கீழே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. "சிவப்பு இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாங்களே" என்று மாப்பிள்ளை திரும்பத் திரும்பச் சொன்னார். எங்களுக்குப் பிடித்துக்கொள்ள இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தோம்.

காலையில் எங்கள் தெரு மரக்கடைக்காரர் எங்களுக்காகத் தன் லாரியை எடுத்தார். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய்ப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார். டாக்டரம்மா எப்படியோ தண்ணீரைத் தாண்டி வந்து வார்டில் இருந்தார். பஞ்சுவைப் பார்த்ததும் ஓடி வந்து வாங்கி, ஜன்னலோரக் கட்டிலில் போட்டு, மூக்கில் குழாய் வைக்கச் சொல்லிவிட்டு, கண் ரெப்பையைக் கீழே இழுத்தார். உள்பக்கம் வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் நின்று, நானே பார்த்தேன்.

அவர் தன் போனை எடுத்தார். முந்தின நாள் படத்தைத் திறந்து குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"நேத்து இப்படி இருந்துச்சா?"

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"உங்களைத்தான் கேட்கறேன். ஒரு நாளுக்குள்ள இவ்வளவு இறங்காது. நேத்து இப்படி இருந்துச்சா?"

"மழை வெளிச்சங்க..." என்றார் மாப்பிள்ளை. "படம் நீலம் தட்டியிருந்துச்சு. அதனால கொஞ்சம்... சரி பண்ணினேன்."

"எதை சரி பண்ணினீங்க?"

அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

"நான் உங்க பொண்ணைக் காட்டுங்கன்னு கேட்டேன்" என்றார் டாக்டரம்மா. கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "நீங்க யாரைங்க காட்டினீங்க?"

அந்த நிமிஷம் மாப்பிள்ளையின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது. தங்கை அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதற்குள் ஊசி போடுகிறவர் வந்து குழந்தையின் கையில் நரம்பைத் தேடத் தொடங்கினார். ஒன்றும் அகப்படாமல் புறங்கை, கால், மறுபடி கை என்று தேடினார். குத்தும்போது பஞ்சு அழவில்லை. அழுதிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ரத்த அளவு நாலுகூட இல்லை என்றார்கள். அவள் வயதுக்குப் பதினொன்றாவது இருக்க வேண்டுமாம். நுரையீரலில் ஒரு பக்கம் முழுக்கச் சளி கட்டியிருந்தது. எனக்குப் புரியவில்லை, சளிக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

"காத்து உள்ள போனா போதாதும்மா, அதை உடம்பு பூரா தூக்கிட்டுப் போறது ரத்தம்தான்" என்றார் டாக்டரம்மா. "இவளுக்கு சளியால போற காத்தே பாதி. அதைத் தூக்கிட்டுப் போகவும் வண்டி இல்லை. இருக்கற நாலு வண்டியையே இதயம் போட்டு விரட்டுது, எவ்வளவு நேரம் விரட்டும்?"

"அப்ப ரத்தம் குறைஞ்சது இந்த சளியாலயா?" என்று தங்கை கேட்டாள்.

"முன்னாடியே குறைஞ்சிருக்கு. இரும்புச்சத்து இல்லாத உடம்புக்குக் கிருமியோட மல்லுக்கட்டத் தெம்பு இருக்காது. அதான் சளி விடாம வந்துச்சு. ஒவ்வொரு தடவை வந்தப்பவும் இருந்ததையும் சுரண்டிட்டுப் போயிருக்கு. சுவர், மண்ணு ஏதாவது தின்னாளா?"

"சுவரு" என்றேன்.

"பால் மட்டும்தானா?"

"பால்தான் டாக்டர், நல்லா குடிப்பா" என்றாள் தங்கை.

"பாலுல இரும்பு கிடையாதும்மா. வயித்தை நிரப்பும், அவ்வளவுதான்."

ரத்தம் ஏற்றினார்கள். மளமளவென்று ஏற்றக்கூடாதாம், இதயம் தாங்காதாம். சொட்டு சொட்டாக இறங்கியது. ஒரு சொட்டு விழுந்து அடுத்தது விழுவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்வந்தது. இன்றைய பொழுது தாண்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார். மாப்பிள்ளை வார்டுக்கு உள்ளே வரவேயில்லை. வராந்தாவில் கதவின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி நின்றார். நான் வெளியே போய் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "பொண்ணு முகத்துக்கு மேல பொய்யைப் பூசி அனுப்பியிருக்கீங்களே, கை கூசலையா?" என்று கேட்டேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அதற்குமேல் திட்ட என்னாலும் முடியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அந்தப் பொழுது தாண்டியது. அடுத்த பொழுதும் தாண்டியது. முனகல் எப்போது நின்றது என்று தெரியவில்லை, நின்றுவிட்டது என்று திடீரென்று உறைத்தது. பிறகு ஒரு காலையில் பஞ்சு கண்ணைத் திறந்து, மூக்கில் இருந்த குழாயைப் பிடுங்கி எறிந்து, மறுபடி வைக்க வந்த நர்ஸம்மாவின் கையைக் கடித்தாள். அழுகை என்றால் அப்படி ஓர் அழுகை, வார்டே எழுந்துவிட்டது. அவள் இவ்வளவு சத்தமாக அழக்கூடியவள் என்று எங்களுக்குத் தெரியாது. மாப்பிள்ளை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அவளைவிடச் சத்தமாக அழுதார்.

முகத்தைப் பார்த்தேன். வெள்ளை இறங்கியிருந்தது. மாநிறத்தில், உதட்டில் ரோஜா ஓடிய ஒரு குழந்தை படுத்திருந்தது. எனக்குக் கொஞ்சம் அந்நியமாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தார். இரும்புச்சத்து மருந்தை எப்படிக் கொடுக்க வேண்டும், பாலை எவ்வளவு குறைக்க வேண்டும், பருப்பு, கீரை, முட்டை, கறி என்று எதையெல்லாம் பழக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். கோபம் ஆறியிருந்தது.

"ஒண்ணு மட்டும் எனக்கு இடிக்குது" என்றார். "பால் மட்டும் குடிச்சு இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு கீழ போகாது. பொறக்கும்போதே கையிருப்பு இல்லாம பொறந்திருக்கணும்." தங்கையின் வயிற்றைப் பார்த்தார். "இது ஆறு மாசமா?"

"ஆமாங்க."

"ரத்தம் பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க. கம்மின்னு சொல்லி இரும்புச்சத்து மாத்திரை குடுத்தாங்க."

"ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

தங்கை லேசாகச் சிரித்தாள். பெண்ணுக்குப் பெண் சொல்லிக்கொள்ளும் விஷயம் என்பது போலக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இல்லீங்க டாக்டர். அதைச் சாப்பிட்டா குழந்தை கறுப்பா பொறக்குமாம். பஞ்சு வயித்துல இருந்தப்பவும் நான் ஒண்ணுகூடத் தொடலை." தூங்கிக்கொண்டிருந்த மகளின் தலையைத் தடவினாள். "அதனாலதான் இவ அந்தக் கலர்ல பொறந்தா."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது போலிருந்தது. தடவிக்கொண்டிருந்த கை பஞ்சுவின் நெற்றியில் அப்படியே நின்றது. இன்னொரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.